மாடல் அண்ணனின் இடுப்பு

காஞ்சிபுரத்தில் புடவை எடுத்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண்களில் பாதிப் பேருடைய முகூர்த்தப் புடவையை, அவர்களுக்கும் முன்னால் கட்டிப் பார்த்தவர் ஒரு மீசைக்காரர். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கலாம். புடவை எடுத்த அன்று கடையில் பிடித்த படம் ஏதாவது இருந்தால், பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடுவே, அரக்கு நிறப் பட்டில், தலையை ஒருபக்கம் சாய்த்து வெட்கப்பட்டுக்கொண்டு ஓர் ஆள் நிற்பார். அவர்தான் மாடல் அண்ணன்.

காந்தி ரோட்டில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடையில் அவர் சேல்ஸ்மேன். பில் போடுவதால் அவருக்கு நான் 'பில்லுமா'. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. எப்போதாவது முதலாளி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மாடல் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

மற்ற சேல்ஸ்மேன்கள் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து புடவையைப் பிரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவார்கள். மாடல் அண்ணனுக்கு அது போதாது. பேன்ட் சட்டைக்கு மேலேயே புடவையைச் சுற்றி, கண் இமைப்பதற்குள் கொசுவம் வைத்து, முந்தானையை விசிறிப் போட்டுக்கொண்டு ஹாலின் கடைசி வரைக்கும் நடப்பார். அங்கே இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் திரும்புவார். அந்தத் திருப்பத்தில்தான் வியாபாரம். ஒரு தடவை வேலூரிலிருந்து வந்த ஒரு மணப்பெண் காலையிலிருந்து கடையையே கவிழ்த்துப் போட்டும் எதுவும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மாடல் அண்ணன் ஒரு மாம்பழக் கலர் புடவையைக் கட்டி நடந்து வந்து, மாப்பிள்ளையின் முன்னால் நின்று கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போட்டார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் பாய்ந்து வந்து, "அண்ணா, அதைக் கழட்டுங்க, அது என்னுது" என்றாள்.

இப்படிப்பட்ட இடுப்புக்குத்தான் ஓர் ஆவணி மாத முகூர்த்த சீசனில் சோதனை வந்தது.

ஹால் நிறையக் கூட்டம். மாடல் அண்ணன் மயில் நீலத்தில் நடந்து போனார். கடைசியில் வெட்டித் திரும்பினார். பாதி திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கை இடுப்பில், ஒரு கை காற்றில், முகம் மேலே பார்த்தபடி. கூட்டம் கை தட்டியது. "சூப்பர் போஸ்ணா! அப்படியே இருங்க!" என்று பெண்ணின் தோழிகள் ஓடிப்போய் அவரைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். முதலாளி கூடக் கல்லாவை விட்டு எழுந்து வந்து ரசித்தார். எனக்குத்தான் சந்தேகம் வந்தது. கிட்டே போனால், மீசைக்குக் கீழே உதடு அசையாமல் ஒரு குரல் மட்டும் வந்தது.

"பில்லுமா... யாராச்சும் என்னைப் புடிங்கமா..."

நான்கு பேர் சேர்ந்து அவரைப் புடவையோடு தூக்கி மெத்தையில் கிடத்தினோம். அந்த நிலையிலும், "ஜரிகை மடியப் போகுதுபா, பாத்து" என்றார்.

அவருடைய மனைவி சரோஜாக்கா ரவிக்கை தைப்பவர். ஊசி போலவே நேராகப் பேசுவார். அன்றைக்கே "டாக்டர்கிட்ட போலாம் வா" என்றார். மாடல் அண்ணன் கேட்கவில்லை. காரணம் அவருடைய பெரியப்பா. மாடல் அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது பெரியப்பாவுக்கு இடுப்பில் ஏதோ ஆபரேஷன் நடந்தது. என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று இன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது. "இடுப்புல கத்தி வெச்சாங்க, அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல" என்பதுதான் அவர்கள் குடும்பம் காப்பாற்றி வைத்திருந்த மொத்தத் தகவல். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். டாக்டர் என்றாலே அவருக்குக் கத்தி, கத்தி என்றாலே அந்தக் கட்டில்.

அதனால் ஊரில் உள்ள எண்ணெய் எல்லாம் அவர் முதுகில் ஏறியது. கடைக்குள் அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. பட்டின் மேல் பட்டுவிடுமோ என்று முதலாளி நடுங்கினார். கடைசியில் யாரோ சொன்னார்கள், முசரவாக்கம் பக்கத்தில், பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த ஓர் அம்மா இருக்கிறார், அவர் இடுப்பில் ஓர் உதை விட்டால் பிடிப்பு பறந்துபோகும் என்று. மாடல் அண்ணன் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். அங்கே நடந்ததை அவரே எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

அந்த அம்மா வாட்டசாட்டமானவர். இவரைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்.

"காந்தி ரோட்டுல பொடவை கட்டிக் காட்ற ஆளுதான நீ?"

"ஆமாமா." இவருக்குப் பெருமை.

"எம் பொண்ணுக்கு மயில்கழுத்துக் கலருன்னு ஒரு பொடவை குடுத்தியே, நெனப்பு இருக்குதா?"

"ஏம்மா மறப்பேன்? நல்லா உழைக்குதா?"

"வீட்டுக்கு வந்து வெயில்ல பிரிச்சா வெறும் பச்சை. திரும்பாத, அப்படியே படு."

அந்த உதையில் இடுப்புப் பிடிப்பு இடுப்பை விட்டுப் போனது உண்மைதான். அது நேராக இடது காலுக்குள் இறங்கியது. பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் வெளிப்பக்கமாக ஓடி, கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்வது போல் இழுத்தது. உட்கார முடியவில்லை. கடையில் குப்புறப் படுத்துக்கொண்டு வியாபாரம் செய்தார். சுற்றிலும் புடவை மலை, நடுவில் அவர். "இன்னாமா பாக்கறீங்க, நான் படுத்துக்கினு இருந்தா பொடவையும் படுத்துடுமா? அந்தப் பச்சையை எடுங்க" என்பார். வாங்க வந்தவர்கள் புடவையைப் பார்க்காமல் அவருக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்காத ஒரு மச்சானோ மாமாவோ இருந்தார். மாடல் அண்ணன் ஒவ்வொரு கதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தார்.

ஒரு நாள் சரோஜாக்கா கடைக்கே வந்து, எல்லோர் முன்னாலும் அவர் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் சொல்வதைக் கவனித்துக் கேட்க இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அங்கே முதலில் ஸ்கேன். குழாய்க்குள் போய் வந்த மாடல் அண்ணனுக்குக் கண் பிதுங்கியிருந்தது. "தலைமாட்டுல ரெண்டு பவர்லூம், கால்மாட்டுல ஒண்ணு ஓட்றாங்க பில்லுமா. ஒரு பொடவை கூட வெளிய வரல" என்றார்.

முதுகெலும்பு டாக்டர் ஓர் இளம்பெண். அவர் மேசை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு நின்றுகொண்டிருந்தது. அதைத் தொட்டு, "இதுதான் மாடல்" என்று ஆரம்பித்தார்.

"இல்ல டாக்டர், நான்தான் மாடல்" என்றார் நம் ஆள்.

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். "ஒவ்வொரு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் இருக்குங்க. வெளியில கெட்டியான வளையம், உள்ள ஜெல்லி மாதிரி. உங்களுக்குக் கீழ இருந்து ரெண்டாவது டிஸ்க்ல வளையம் கிழிஞ்சு, உள்ள இருக்கறது கொஞ்சம் வெளிய பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. அதனாலதான் கோளாறு இடுப்புல இருந்தாலும் வலி கால்ல."

"கிழிஞ்சுடுச்சா? அப்ப நான் டேமேஜ் பீஸா டாக்டர்?"

"அப்படியெல்லாம் இல்ல. நிறையப் பேருக்கு இது சில வாரங்கள்ல ஆபரேஷன் இல்லாமயே அடங்கிடும். மாத்திரை, பிசியோதெரபி, நடை. உதை மட்டும் வேண்டாம்."

மாடல் அண்ணனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய புத்தியும் வந்தது. நாற்காலியில் வலிக்காத பக்கமாகச் சாய்ந்து, இத்தனை வருஷம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர், முதல் தடவையாக வாடிக்கையாளர் ஆனார்.

"சரி, ஆபரேஷன்லயும் என்னென்ன இருக்குதுன்னு சும்மா காட்டுங்க டாக்டர். பாத்துக்கறோம்."

டாக்டர் பொறுமைசாலி. வலி பொறுக்க முடியாதவர்களுக்கு நரம்பின் பக்கத்தில் ஊசி போடலாம் என்றார். அதுவும் கேட்கவில்லை என்றால் மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்னதாகக் கீறி, நரம்பை அழுத்துகிற துண்டை மட்டும் எடுக்கலாம். ஒரு துளை வழியாகக் கேமராவை விட்டும் எடுக்கலாம்.

"இதுக்கு மேல?"

"வயசானவங்களுக்கு நரம்பு போற வழியே குறுகிடும். அவங்களுக்கு எலும்பைக் கொஞ்சம் செதுக்கி இடம் பண்ணுவோம். எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு நழுவியிருந்தா ஸ்க்ரூ போட்டு நிறுத்துவோம்."

"ஸ்க்ரூவா! இதுல லேட்டஸ்ட் எது டாக்டர்?"

"லேட்டஸ்ட் எதுன்னு பாக்கக் கூடாதுங்க. உங்க உடம்புக்கு எது தேவையோ, அதுல சின்னது எதுவோ, அதான். உங்களுக்கு இப்போ எதுவுமே தேவையில்ல."

மாடல் அண்ணன் என் காதருகே குனிந்து, "இந்தப் பொண்ணுக்கு வியாபாரமே தெரியல" என்றார். பிறகு எழுந்து, கை கூப்பி, வாங்காமல் போகிறவர்கள் சொல்லி வாழ்நாள் முழுக்க அவர் காதில் ஈயமாய் விழுந்த அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொன்னார். "சரிங்க டாக்டர், நாலு இடம் பாத்துட்டு வரோம்."

கதவருகே டாக்டர் நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பாதம் தொங்கினாலோ, உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல மாத்தம் தெரிஞ்சாலோ, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. உடனே வந்துடணும்." மாடல் அண்ணன் அதற்குள் லிஃப்ட் பக்கம் போய்விட்டார். சரோஜாக்கா நின்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் கடை பிசியோதெரபி நிலையமாக மாறியது. மாடல் அண்ணன் மெத்தையில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவார், இறக்குவார். பூனை மாதிரி முதுகை வளைப்பார். கல்யாணப் புடவை எடுக்க வந்த சம்பந்தியம்மாக்கள் பக்கத்தில் படுத்துச் செய்து பார்த்தார்கள். வலி உண்மையிலேயே குறைந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், பஸ் பிடித்து ஒரு குடும்பம் மொத்தமும் வந்து இறங்கியது. யாரோ ஒரு சித்தி, "கட்டிக் காட்டுவாராமே, அவர் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். மாடல் அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி புடவைக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கினார், கட்டினார், நடந்தார், வெட்டித் திரும்பினார். கைதட்டல். எதுவும் ஆகவில்லை. "பாத்தியா பில்லுமா!" என்றார்.

மறுநாள் மதியம் அவர் கடைக்குள் வரும்போது இடது காலில் செருப்பு இல்லை. "எங்கண்ணே செருப்பு?" என்றேன். குனிந்து பார்த்தவர், "அட, எங்கயோ கழண்டுகினு போச்சு போல" என்று சிரித்தார். அந்தப் பாதம் தரையில் பட் பட்டென்று தட்டிக்கொண்டு வந்தது. மெத்தையில் உட்கார்ந்து வியாபாரத்தை ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தபோது கடைப் பையன்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புடவையில் குத்துகிற குண்டூசி ஒன்று அவர் பேன்ட்டின் பின்பக்கத்தில் தலை வரைக்கும் ஏறி நின்றது.

"இவ்ளோ நேரம் அது மேலயா உக்காந்துக்கினு இருந்தேன்? எனக்கு ஒண்ணுமே தெரியலபா!" என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நின்றிருந்த சரோஜாக்கா சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"யோவ். காலைலருந்து ஒண்ணுக்குப் போனியா?"

மாடல் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "வர மாட்டேங்குது சரோ" என்றார், மிக மெல்லிய குரலில். அவர் அந்த மாதிரிக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

புடவை விரிக்கும் மெத்தையோடு அவரைத் தூக்கிக் கடை வேனில் போட்டோம். முகூர்த்த சீசன், காந்தி ரோடு முழுக்க டூரிஸ்ட் பஸ். எங்கள் முதலாளி யார் வந்தாலும் கல்லாவை விட்டு எழாதவர். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் ஓடினார். "எடுபா வண்டியை! எம் மாடலு உள்ள இருக்கான்யா!" என்று பஸ்களின் நெற்றியில் தட்டித் தட்டி வழி வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் பாதத்தைத் தூக்கச் சொன்னார். அது தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. மறுபடி ஒரு ஸ்கேன். பிதுங்கியிருந்தது பெரிய துண்டாக உடைந்து, கீழே போகிற நரம்புக் கொத்தையே நசுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கே எடுக்கணும். இப்பவே."

இந்தத் தடவை மாடல் அண்ணன் வேறு காட்டச் சொல்லவில்லை. "டாக்டர், எங்க பெரியப்பா அப்புறம் எழுந்திருக்கவே இல்ல" என்றார்.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு என்னன்னு தெரியும். படத்துல தெளிவா இருக்கு. மைக்ரோஸ்கோப்ல பாத்து அந்தத் துண்டை எடுத்துட்டா நரம்பு மூச்சு விடும். எல்லாம் உடனே திரும்பிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்ச நாள் ஆகலாம். ஆனா நேரத்தோட வந்திருக்கீங்க, வாய்ப்பு நல்லா இருக்கு. விட்டுட்டா அதைச் சொல்ல முடியாது."

மாடல் அண்ணன் சரோஜாக்காவைப் பார்த்தார். சரோஜாக்கா, "போய்ட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அவர் தலையாட்டினார்.

வராந்தாவில் சரோஜாக்கா, முதலாளி, நான் என்று மூன்று பேர். சரோஜாக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊருக்கெல்லாம் ஆடிக் காட்டுவாரு. வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. நான் மிஷின்ல தெச்சுக்கினு இருப்பேன், பக்கத்துல உக்காந்து ஊசில நூலு கோத்துக் குடுப்பாரு. அவ்ளோதான் எங்க குடும்பம்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வெளிச்சம் போவதற்குள் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எங்கள் காதில் சரியாக விழவில்லை. முதலாளி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாளே பிசியோதெரபிஸ்ட் அவரை நிற்க வைத்தார். கால் வலி காணாமல் போயிருந்தது. முதுகில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். "இதுக்கா இத்தினி வருஷம் பயந்துக்கினு இருந்தேன்?" என்று போகிற வருகிற நர்ஸ் எல்லோரிடமும் கேட்டார். ஆனால் சிறுநீருக்கு வைத்த டியூப் மட்டும் இருந்தது. அதை எடுத்த பிறகு தானாகப் போகிறாரா என்பதுதான் பெரிய கேள்வி. டியூப் எடுத்த அன்று கடையில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. முதலாளி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு பெண் வீட்டாருக்குத் தானே புடவை காட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தப் புடவை, எல்லோருக்கும் பிடித்து, பெண்ணின் அம்மா மஞ்சள் குங்குமம் வைக்கப் போகிற நேரம். போன் அடித்தது. முதலாளி ஒரு நொடி கேட்டார். துள்ளி எழுந்தார்.

"போய்ட்டாராம்! எம் மாடலு போய்ட்டாரு!"

கடை முழுக்க ஆரவாரம். பையன்கள் விசில் அடித்தார்கள். நான் பில் மிஷினை விட்டு ஓடிவந்தேன். யாரோ லட்டு வாங்க ஓடினார்கள். பெண்ணின் அம்மா குங்குமத்தோடு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "யாருங்க போய்ட்டாரு? இதுக்குப் போயா சிரிக்கறீங்க?" அவருக்கு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. புரிந்ததும் அந்த அம்மாதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். புடவையையும் எடுத்துக்கொண்டார்.

பாதம் தூக்க மட்டும் சில மாதங்கள் ஆயின. குனியாதே, தூக்காதே, வெட்டித் திரும்பாதே என்று டாக்டர் சொன்ன மூன்றையும் சரோஜாக்கா காவல் காத்தார். இப்போது மாடல் அண்ணன் நின்றபடியே வியாபாரம் பார்க்கிறார், அதற்கென்று இடுப்பு உயரத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். காலையில் வரதர் கோயில் மாட வீதிகளைச் சுற்றி நடக்கிறார். வழியில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் தீர்ந்தது. காலுக்கு இழுக்குதா, மரத்துப்போச்சா, ஒண்ணுக்கு ஒழுங்கா வருதா என்று நடுரோட்டில் விசாரிப்பார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கிறவர்களைத் திட்டி டாக்டரிடம் அனுப்புவார்.

நான் கடையை விட்டு எழுத்து வேலைக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற வேலை என்று அவருக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் போன் வரும். "பில்லுமா, உக்காந்துக்கினேதான இருக்கே? எழுந்திரு. ரெண்டு நடை நட" என்று அதட்டிவிட்டு வைத்துவிடுவார்.

எனக்கும் நேரம் பார்த்து எழுந்து நடக்கத் தெரியும். ஆனால் சாயங்காலத்தில் மட்டும், அவர் போன் வரும்வரை, நான் எழுந்திருப்பதே இல்லை.